ரெஃப்ரெஷ் செய்தால் மட்டும் 'நல்' என்கிறது: காலண்டர் கொட்டேஷன் பக்கம்

சிவகாசி டிடிபி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் முறையாகக் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 19 வருடமாக டிடிபி வேலை. ஆடி பிறந்துவிட்டால் காலண்டர் ஆர்டர் கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும். "500 அடித்தால் என்ன ஆகும், 1000 அடித்தால் என்ன ஆகும்" என்று ஒவ்வொருவருக்கும் கால்குலேட்டரைத் தட்டிச் சொல்லி அலுத்துப்போய், நாமே ஒரு பக்கம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். எச்டிஎம்எல் எனக்குப் பழக்கம்தான், ஜாவாஸ்கிரிப்ட் இந்த நான்கு மாதமாக.

பக்கத்தின் மேலே 40 மாடல் காலண்டர் படங்கள். தனி ஃபைலாக வைத்தால் யாராவது அழித்துவிடுகிறார்கள் என்பதால் எல்லாப் படத்தையும் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுத்தாக மாற்றித் திணித்துவிட்டேன். ஆகவே ஃபைல் கொஞ்சம் கனம். படங்களுக்குக் கீழே படிவம்: அளவு, எண்ணிக்கை, விலை, தொகை, போக்குவரத்து, மொத்தம். ஐடி (ஒவ்வொரு பெட்டிக்கும் வைக்கிற அடையாளப் பெயர்) எல்லாம் தமிழிலேயே வைத்திருக்கிறேன், எனக்குப் படிக்க வசதி. ஸ்கிரிப்ட் தனி ஃபைலில். அதைப் பக்கத்தின் தொடக்கத்தில் வருகிற ஹெட் பகுதியில் இணைத்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் எப்போது ஓட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்கிற சொற்களில் எங்கோ அசிங்க் நல்லது என்று படித்தேன், இன்னொரு இடத்தில் டிஃபர் நல்லது என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் போட்டுவிட்டேன்.

இப்போது தொல்லை என்ன என்றால்:

பக்கத்தை முதல் தடவை திறந்தால் ஓடுகிறது. ரெஃப்ரெஷ் செய்தால் கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டுகிற இடம்) சிவப்பு. போனில் இருந்து எழுதுகிறேன், அதனால் காதில் விழுகிற மாதிரியே எழுதுகிறேன்: "அன்காட் டைப்எரர்: கேனாட் ரீட் ப்ராபர்ட்டீஸ் ஆஃப் நல், ரீடிங் ஆட்ஈவென்ட்லிஸனர்". 'நல்' என்றால் 'ஒன்றும் இல்லை' என்று பொருளாம். மறுபடி ரெஃப்ரெஷ் செய்தால் சில சமயம் ஓடுகிறது, சில சமயம் இல்லை. முதலாளி போனில் ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை. அவர் "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். ஒரு பிழை வந்தால் எப்போதும் வரட்டும், வராவிட்டால் எப்போதும் வராமல் இருக்கட்டும். இது இரண்டும் இல்லை.

ஓடும்போதும் இன்னொரு கூத்து. 'கணக்கிடு' பட்டனை அழுத்தினால் பக்கம் முழுக்க வெள்ளையாகி, இடது மூலையில் "18000" என்று மட்டும் நிற்கிறது. படங்கள், படிவம், பட்டன் எதுவும் இல்லை. விடையைக் காட்ட டாக்குமென்ட்.ரைட் போட்டிருக்கிறேன்.

அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். "நோட்ல ஓட்டிப் பாருங்க மாமா, எங்க தப்புன்னு தெரியும்" என்றான். நோட் என்பது பிரவுசர் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற மென்பொருளாம் (நோட்.ஜேஎஸ்). ஓட்டினோம். "டாக்குமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட்" என்று முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பிரவுசரில் டாக்குமென்ட் இருக்கிறது, அதற்குள் தேடினால் இல்லை. நோட்டில் டாக்குமென்டே இல்லை. எனக்குத் தலை சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

---

ஜீரோபக்

சிம்பிள் அண்ணே. கெட்எலிமென்ட்பைஐடி (ஐடியைச் சொல்லிப் பெட்டியைத் தேடுகிற கட்டளை) முடிந்ததும் வருகிற புள்ளிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். 2020-இல் வந்த வசதி. பொருள் இல்லை என்றால் பிழை காட்டாமல் அமைதியாகப் போய்விடும். இல்லாவிட்டால் மொத்த ஸ்கிரிப்டையும் செட்டைம்அவுட்டில் (கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுகிற கட்டளை) போட்டு 2000 மில்லிசெகண்ட் கொடுங்கள். எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுக்கும்.

---

நொய்யல்

மேலே தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். புகைகிற இடத்தை விட்டுவிட்டுப் புகை எச்சரிக்கை மணியைக் கழற்றி வைக்கிற வேலை அது. 2000 மில்லிசெகண்டும் அப்படித்தான். உங்கள் அறையில் போதும், இணையம் மெதுவாக இருக்கிற ஊரில் போதாது.

அண்ணாச்சி, உங்களிடம் இருப்பது ஒரு பிழை அல்ல, மூன்று. மூன்றும் டாக்குமென்ட் என்ற பெயரைச் சுற்றியே இருப்பதால் ஒன்றுபோல் தெரிகிறது. நோட்டில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம்.

டாக்குமென்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சொத்து அல்ல. பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கத்துக்காகச் செய்து மொழியின் கையில் கொடுக்கிற பொருள் அது. நோட் எடுத்துக்கொண்டது குரோமின் வி8 இன்ஜினை மட்டும்தான். அங்கே பக்கம் கிடையாது, ஆகவே டாக்குமென்டும் கிடையாது. "நாட் டிஃபைன்ட்" என்றால் அப்படி ஒரு பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை என்று பொருள். உங்கள் கோடில் தப்பு இருப்பதாக அது சொல்லவில்லை. மருமகனிடம் சொல்லி நோட்டை மூடிவிடுங்கள், இந்த வேலைக்கு அது வேண்டாம்.

"நல்" வேறு. டாக்குமென்ட் இருந்தது, கெட்எலிமென்ட்பைஐடி தேடியது, கேட்ட ஐடியோடு ஒன்றும் அகப்படவில்லை, வெறுங்கையை நீட்டியது. அந்த வெறுங்கையைப் பிடித்து, அழுத்தினால் என்ன செய்வது என்று சொல்லி வைக்கிற ஆட்ஈவென்ட்லிஸனரைக் கேட்டீர்கள். பிழை வந்த வரி நீங்கள் தடுக்கி விழுந்த இடம்தான். கல் அதற்கு முன்னாலேயே கிடக்கிறது. குரோம் எது நல் என்பதைச் சொல்லாமல், நல்லிடம் எதைக் கேட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லும். ஃபயர்பாக்ஸில் அதே பக்கத்தைத் திறந்தால், எந்த அழைப்பு வெறுங்கையோடு வந்தது என்பதைச் சொல்லி "இஸ் நல்" என்று முடிக்கும். ஒரே வரியில் நாலைந்து புள்ளி இருக்கும்போது இது ரொம்ப உதவும்.

சரி, ஏன் அகப்படவில்லை? பிரவுசர் எச்டிஎம்எல்லை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே பக்கத்தைக் கட்டும். படித்த வரைக்கும்தான் டாக்குமென்டுக்குள் சரக்கு. ஹெட்டில் நிற்கும்போது டாக்குமென்ட்.பாடி என்று கேட்டால் அதுவே நல்தான். உங்கள் படிவமோ 40 படத்துக்கும் கீழே. ஷீட் இன்னும் மெஷினில் ஓடிக்கொண்டிருக்க, பைண்டிங்காரர் வந்து "எங்கே, கொடுங்கள்" என்று நிற்கிற மாதிரி.

டிஃபர் போட்டிருந்தால் ஸ்கிரிப்ட் இறங்கி வந்தாலும் பக்கம் முழுக்கப் படித்து முடியும் வரை காத்திருக்கும். அசிங்க் காத்திருக்காது, இறங்கிய கணமே ஓடிவிடும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்றைய பிரவுசர்கள் அசிங்க் பேச்சைத்தான் கேட்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்றதுதான் வினை.

உங்கள் ரெஃப்ரெஷ் மர்மமும் இதில்தான். முதல் தடவை ஸ்கிரிப்ட் சர்வரில் இருந்து ஆடி அசைந்து வருகிறது. அதற்குள் படிவம் கட்டியாகிவிட்டது. ரெஃப்ரெஷ் செய்தால் ஸ்கிரிப்ட் பிரவுசரின் கேஷில் (ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கிற இடம்) தயாராக இருக்கிறது, படிவத்துக்கு முன்னால் ஓடி வந்துவிடுகிறது. முதலாளி போனில் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட் படிவத்துக்குப் பின்னால்தான் வந்து சேர்கிறது போலிருக்கிறது, அதனால் எப்போதும் சரி. ஸ்கிரிப்டின் முதல் வரியில் கன்சோல்.லாக் போட்டு டாக்குமென்ட்.ரெடிஸ்டேட் என்ன என்று பாருங்கள். பிழை வருகிற தடவை "லோடிங்" என்று இருக்கும். ஓடுகிற தடவை "இன்டராக்டிவ்" அல்லது "கம்ப்ளீட்" என்று வரலாம்.

அசிங்கைத் தூக்கிவிட்டு டிஃபரை மட்டும் வையுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும், டிஃபர் தனி ஃபைல் ஸ்கிரிப்டுக்குத்தான். பக்கத்துக்குள்ளேயே எழுதிய சாதாரண ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லைப் போட்டாலும் பிரவுசர் கண்டுகொள்ளாது. அங்கே, பக்கம் படித்து முடிந்ததும் வருகிற டிஓஎம்கன்டென்ட்லோடட் நிகழ்வுக்குள் வையுங்கள், அல்லது பாடி முடிகிற இடத்தில்.

மூன்றாவது, டாக்குமென்ட்.ரைட். பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்போது அதை அழைத்தால் நடுவில் எழுதும். கட்டி முடிந்தபின் அழைத்தால் பழைய பக்கத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் புதுப் பக்கம் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் வெள்ளைத்தாள். அடுத்த வரியில் எதைத் தேடினாலும் நல், ஏனென்றால் தேட அங்கே ஒன்றும் இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, மொத்தம் பெட்டியின் வேல்யூவில் விடையைப் போடுங்கள்.

---

பிரவுசிங் சென்டர் 2004

பழைய ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா? ஐஇ 6-இல், அதாவது பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரில், பக்கத்தின் அடியில் இடது ஓரம் மஞ்சள் முக்கோணம் வரும். அதை இரண்டு தட்டு தட்டினால் "ஆப்ஜெக்ட் ரிக்வயர்டு" என்று ஒரு வரி, கூடவே ஒரு வரிசை எண். ஸ்கிரிப்ட் தனி ஃபைலில் இருந்தால் அந்த எண்ணை நம்பி எங்கேயும் போக முடியாது. இன்றைக்கு வருகிற சிவப்பு வரியெல்லாம் அதோடு பார்த்தால் தங்கம்.

இன்னொன்று. ஐஇ 7 வரைக்கும் கெட்எலிமென்ட்பைஐடி என்று கேட்டால் ஐடி இல்லாவிட்டாலும் நேம் பொருந்தினால் எடுத்துக் கொடுத்துவிடும். அதை நம்பி ஐடியே வைக்காமல் படிவம் எழுதிவிட்டு, ஃபயர்பாக்ஸில் திறந்ததும் நல் வாங்கி முழித்தவர்களில் நானும் ஒருவன். 2022 ஜூன் 15-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஐஇ-க்கு விடை கொடுத்தபோது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

டிடிபி சார், ஐடிக்கு முன்னால் ஹேஷ் குறி போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பாருங்கள். அது க்வெரிசெலக்டர் என்ற இன்னொரு தேடல் கட்டளைக்கு வேண்டும், கெட்எலிமென்ட்பைஐடிக்குக் கூடாது. பாதி நல் அதில்தான் வருகிறது.

---

சிவகாசி டிடிபி

நொய்யல் சார், ரொம்ப நன்றி. அசிங்கை எடுத்ததும் ரெஃப்ரெஷ் தொல்லை ஒழிந்தது, முப்பது தடவை அழுத்திப் பார்த்துவிட்டேன். வெள்ளைப் பக்கமும் போயிற்று. ஹேஷ் எங்கேயும் இல்லை, பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் பதில் வருவதற்கு முன்பே நான் ஜீரோபக் தம்பி சொன்ன கேள்விக்குறியைப் போட்டுவிட்டேன். சிவப்பு போயிற்று, ஆனால் மொத்தம் பெட்டியில் 'நான்' என்று வந்தது, எண் அல்ல என்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் போடுகிற அந்த மூன்றெழுத்து. அதற்கும் "இல்லாவிட்டால் 0" என்று ஒரு ஒட்டுப் போட்டேன். எண் வந்துவிட்டது, சந்தோஷமாக மூன்று பார்ட்டிக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டேன். மூன்றிலும் போக்குவரத்து 650 ரூபாய் சேரவில்லை. சாயங்காலம் முதலாளிதான் கண்டுபிடித்தார். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது அந்த ஒட்டுகளையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டேன். டிஃபர் இருந்தும் இரண்டே இரண்டு ஐடி மட்டும் இன்னும் நல் என்கிறது: தொகை, போக்குவரத்து. அளவு, எண்ணிக்கை, விலை, மொத்தம் நான்கும் சரி. ரெடிஸ்டேட் பார்த்தேன், "இன்டராக்டிவ்". எழுத்துப் பிழை இருக்குமோ என்று எச்டிஎம்எல்லையும் ஸ்கிரிப்டையும் அருகருகே வைத்து, ப்ரூஃப் பார்க்கிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். 19 வருடம் ப்ரூஃப் பார்த்த கண். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஸ்கிரிப்டில் இருந்து தொகையை காப்பி செய்து எச்டிஎம்எல்லில் தேடினால் என் எடிட்டர் "இல்லை" என்கிறது. கண் முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது.

ஒரு தகவல்: படிவத்தின் எச்டிஎம்எல் எங்கள் பழைய பில் ஃபார்மில் இருந்து எடுத்தது. பழைய ஃபான்டில் அடித்து வைத்திருந்தோம், அதை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். மொத்தம் மட்டும் பிறகு நானே அடித்துச் சேர்த்தது.

---

வடமராட்சி

அண்ணை, விடை உங்கட கடைசிப் பந்தியிலேயே கிடக்குது. இஞ்ச நாங்கள் பாமினி என்ற பழைய ஃபான்டில் ரைப் செய்து பழகின ஆக்கள், இந்தக் கொம்புப் பிரச்சினையில் கனதரம் அடிபட்டிருக்கிறம்.

நல் வாற இரண்டு சொல்லையும் பாருங்கோ. தொகையில் 'தொ', போக்குவரத்தில் 'போ'. ஒழுங்காக ஓடுற அளவு, எண்ணிக்கை, விலை மூன்றிலும் இப்படி இரண்டு பக்கமும் குறி வாற எழுத்து இல்லை. பழைய ஃபான்டில் 'தொ' அடிக்க வேணுமென்றால் முதலில் கொம்பு, பிறகு த, பிறகு கால். மூன்று தட்டு. யூனிகோடில் த-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்தாலும் திரையில் அச்சொட்டாக அதே 'தொ'தான் தெரியும். சில மாற்றிகள் த, கொம்பு, கால் என்று மூன்றாகவே விட்டுவிடும். நீங்கள் விசைப்பலகையில் நேரடியாக அடித்தால் ஒரு குறியாக வரும்.

கண்ணால் பிடிக்கேலாது, எண்ணித்தான் பிடிக்க வேணும். எச்டிஎம்எல்லில் இருக்கிற தொகையை காப்பி பண்ணி, கன்சோலில் மேற்கோளுக்குள் ஒட்டி, அதன் லெங்க்த் (எத்தனை குறி என்ற கணக்கு) கேளுங்கோ. பிறகு ஸ்கிரிப்டில் இருக்கிறதற்கும் கேளுங்கோ. சரியாக இருந்தால் 4: த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி. உடைந்திருந்தால் 5. குறியின்ர யூனிகோட் எண்ணைச் சொல்லுற சார்கோட்அட் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. சரியானது 2980, 3018, 2965, 3016 என்று வரும். உடைந்ததில் 3018-க்குப் பதிலாக 3014, 3006 என்று இரண்டு எண் நிற்கும். போக்குவரத்தில் 12-க்கு 13 வரும், அங்கே 3019 உடைந்து 3015, 3006 ஆகியிருக்கும்.

இரண்டு வடிவமும் ஒன்றுக்கொன்று சமம் என்றுதான் யூனிகோட் விதி சொல்லுது. ஆனால் கெட்எலிமென்ட்பைஐடி அந்தச் சமத்தைப் பார்க்காது, எண்ணுக்கு எண் ஒப்பிட்டு இல்லையென்றால் நல். மொத்தத்திலும் 'மொ' இருக்கே, அது எப்படி ஓடுது என்று நினைப்பீங்கள். அதை இரண்டு இடத்திலும் நீங்களே அடிச்சீங்கள், இரண்டும் ஒரே சாதி.

ஒருக்கால் திருத்தினால் போதும். எச்டிஎம்எல் முழுவதையும் எடுத்து நார்மலைஸ் என்ற கட்டளைக்குள் விடுங்கோ, வடிவம் என்எஃப்சி. ஜாவாஸ்கிரிப்டில் 2015-இலிருந்து இருக்குது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரு குறியாக்கிக் குடுக்கும். வாடிக்கையாளர் பெயரைத் தேடுற பெட்டி ஏதும் வைத்திருந்தால் அதற்கும் இதைச் செய்யுங்கோ, இல்லாவிட்டால் 'கோபால்' என்று தேடினால் பாதிக் கோபால்தான் வருவார்.

---

நொய்யல்

இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் இன்னும் இரண்டு நாள் டிஃபரிலேயே சுற்றிக்கொண்டு இருந்திருப்பேன்.

ஒரே ஒரு கருத்து வேறுபாடு. எச்டிஎம்எல் 4-இல் ஐடி ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இருந்தது. இப்போது இடைவெளி இல்லாமல் இருந்தால் சரி, எந்த மொழியும் செல்லும். செல்லும் என்பதற்காக வைக்க வேண்டுமா? நான் ஐடியை ஆங்கிலத்தில் வைத்து, திரையில் தெரிகிற லேபிளை மட்டும் தமிழில் வைப்பேன். அடுத்து அந்த ஃபைலைத் தொடுகிறவர் எந்த விசைப்பலகையில் அடிப்பார் என்று யாருக்குத் தெரியும்.

---

வடமராட்சி

அதோட நான் உடன்படேல்லை. அண்ணைக்கு வாசிக்க வசதி என்றுதானே தமிழில் வைச்சார். அவற்ற பக்கம், அவற்ற மொழி. ஒருக்கால் நார்மலைஸ் பண்ணினால் முடிஞ்சுது.

---

சிவகாசி டிடிபி

எண்ணினேன். எச்டிஎம்எல்லில் 5, ஸ்கிரிப்டில் 4. போக்குவரத்து 13, 12. எண் எண்ணாகப் பார்த்தபோது 3014, 3006 என்று சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. சிரிப்பு வந்துவிட்டது. கொம்பு, எழுத்து, கால் என்று வாழ்நாள் முழுக்க விரலால் அடித்தவன் நான், எனக்கே தெரியவில்லை. வடமராட்சித் தம்பிக்கு அடுத்த வருடக் காலண்டர் ஒன்று என் கணக்கில், ஐடி தமிழிலேயே இருக்கட்டும் என்று சொன்னதற்கும் சேர்த்து.

என்எஃப்சி போட்டு ஃபைலைச் சேமித்தேன். சிவப்பு ஒன்றும் இல்லை. தொகைப் பெட்டியில் முதல் தடவையாக எண் விழுந்தது: 500 காலண்டர், 36 ரூபாய், 18000. போக்குவரத்து 650. கணக்கிடு அழுத்தினேன். மொத்தம் 18000650.

ஒரு கோடியே எண்பது லட்சத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்க்குக் காலண்டர். நல்ல வேளை, அனுப்பவில்லை. இதற்குக் காரணம் நானே தேடிப் பிடித்தேன்: பெட்டியில் இருந்து எடுக்கிற வேல்யூ எண் இல்லையாம், எழுத்துக்கோவையாம், கூட்டல் குறி போட்டால் பக்கத்தில் ஒட்டிவிடுமாம். இத்தனை நாள் போக்குவரத்துப் பெட்டி 'நல்' என்றே இருந்ததால் என் ஒட்டு 0-தான் வந்தது, அதனால் வெளியே தெரியவில்லை. நம்பர் என்று சுற்றிப் போட்டதும் 18650 வந்தது.

அந்த மூன்று பார்ட்டிக்கும் திருத்திய கொட்டேஷன் போய்விட்டது. இரண்டு பேர் சரி என்றுவிட்டார்கள். ஒருவர் மட்டும் முதலில் சொன்ன விலைக்கே வேண்டும் என்று நிற்கிறார்.